மாட்டுக்கொட்டகைத் தகரம்

அவள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நேராக நிற்கச் சொன்னார்கள், நின்றாள். வீடு முழுதாகத் தெரிய வேண்டும் என்று, ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பெண் பின்னாலேயே நகர்ந்து வாய்க்கால் வரைக்கும் போனாள்.

எடுத்தாயிற்று.

படம் அந்த நிமிடமே மேலிடத்துக்குப் போய்விட்டது. அடுத்ததாகக் கைப்பேசி, கூரை என்ன கூரை என்று கேட்டது. அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். காலையிலிருந்து இது நாற்பதாவது வீடு. பாவம், அவளும் எத்தனையைத்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

“அக்கா, இது தகரமாச்சே. ஓலை வீட்டுக்குத்தானே கல்வீடு தர்றாங்க.”

நாலு நாளுக்கு முன்னால் ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னார்கள். குடிசைக் கணக்கெடுக்க வருவார்கள், வீட்டையும் அதில் இருப்பவரையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள் என்று.

படம் எடுக்கிறார்கள் என்றால் இருக்கிற இருப்பிலா போய் நிற்பது? கலெக்டர் வரைக்கும் போகிற படம். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வாசலை மெழுகிக் கோலம் போட்டாள். தம்பி மகிழ்நன் தன் மாட்டுக்கொட்டகையிலிருந்து பத்துத் தகரத்தைக் கழற்றி வந்து, ஓலைக்கு மேலே பரப்பி, கம்பியால் இழுத்துக் கட்டி, செங்கல்லும் தூக்கி வைத்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் படத்துக்கு நிற்பது இதுதான் முதல் தடவை. பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

“தம்பி ஊட்டு மாட்டுக்கொட்டகைத் தகரம்மா இது. படத்துக்காகப் போட்டது. உள்ளார ஓலைதான். நீயே வந்து பாரு.”

அந்தப் பெண் குனிந்து உள்ளே வந்தாள். அண்ணாந்தாள். கறுத்து மக்கிய கீற்று. கையை வைத்தாள். கையோடு வந்தது.

நம்பிவிட்டாள். நம்பியதுதான் கொடுமை.

“எனக்குத் தெரியுதுக்கா. போனுக்குத் தெரியாதே. நான் ஓலைன்னு போட்டா, படத்தப் பாத்துட்டு என் வேலையத்தான் புடுங்குவாங்க.”

அவள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தம்பி விட்டுப்போன ஏணியில் ஏறினாள். ஒரு செங்கல்லைத் தள்ளினாள். இன்னொன்றையும் தள்ளினாள். கம்பி அசையவில்லை. தம்பி எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன்.

“எறங்குங்கக்கா. ஒரு வீட்டுக்கு ஒரு படந்தான். போனத நான் திருப்பி வாங்க முடியாது.”

இறங்கினாள்.

போன தடவை கணக்கெடுத்தபோது மகள் தொட்டிலில் கிடந்தாள். அப்போது குடும்பத்தோடு அறுப்புக்கு வெளியூர் போயிருந்ததில் பெயர் விட்டுப்போயிற்று. மகள் இப்போது பிளஸ் டூ. மழைக்காலத்தில் புத்தகங்களை உரச்சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, நனையாத மூலையைத் தேடித் தேடிப் படிக்கிறாள்.

“அடுத்த கணக்கெடுப்பு எப்பம்மா?”

“தெரியலக்கா.”

அந்தப் பெண் கைப்பேசியில் ‘தகரம்’ என்ற கட்டத்தைத் தொட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நாற்பத்தோராவது வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

அவள் எழுந்து, வழக்கமான இடங்களில் பாத்திரங்களை வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் குண்டான். கட்டில் தலைமாட்டில் வாளி. நடுவில் அண்டா. யோசித்து வைக்கவில்லை, கை தானாக வைத்தது.

தகரத்தில் மழை அடி அடி என்று அடித்தது. பேசினால் கேட்காது.

மகள் வீட்டின் நடுவில், அண்டாவைத் தள்ளி வைத்துவிட்டு, புத்தகங்களை விரித்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மழையில் அப்படி விரித்துப் போட்டு அவள் படித்து அம்மா பார்த்ததில்லை.

குண்டானை எட்டிப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு தம்பி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

“மாடு நனையுதுக்கா. காலையில வந்து கழட்டிக்கவா?”

“கழட்டிக்கடா,” என்றாள்.

அண்டாவை மட்டும் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. மகள் படித்து முடிக்கட்டும்.