சூடில்லாத வெளிச்சம்

திருத்தங்கல் ஓரத்து ஆய்வகத்தின் ஜன்னலில் மஞ்சள் பாரித்த புதுக் கண்ணாடி. வனேடியம் ஆக்சைடில் துளி டங்ஸ்டன் கலந்து ஆய்வாளர் சுமைரா பூசியது. வெயிலில் சூடேறிவிட்டால் வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கும். பட்டாசு ஆலையை விட்டு இங்கே பெருக்க வந்திருக்கும் முருகம்மாள், அங்கே வெடிமருந்து அறைக்குள் நுழைவதுபோலவே செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உடம்பின் மின்னேற்றம் இறங்கக் கதவின் இரும்பை உள்ளங்கையால் தொட்டுவிட்டு உள்ளே வருகிறாள். ஜன்னல் வெயில் அவளுடைய தழும்பேறிய கையில் விழுகிறது. கொஞ்ச நேரத்தில் துடைப்பம் நின்றுவிடுகிறது. வெளிச்சம் அப்படியே கிடக்கிறது. கையில் சூடு மட்டும் இல்லை.

“ஏம்மா, சூடு எங்க போச்சு?”

“கண்ணாடி தடுத்திருச்சுக்கா, பயப்படாதீக” என்று சுமைரா சிரிக்கிறாள்.

முருகம்மாள் சிரிக்கவில்லை. “வெடிச்ச அன்னைக்கு மருந்து ரூம்லயும் இப்படித்தாம்மா. மொதல்ல வெளிச்சம் மட்டும் வந்துச்சு. சூடு இல்ல, சத்தம் இல்ல.”

அவள் மெதுவாக வாசல் பக்கம் பின்னகர்ந்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கிறாள். மேசைமேல் குடுவையில் கொதிக்கும் நீலக் கரைசலின் களகளப்பு பெரிதாகக் கேட்கிறது. சுமைராவின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. வெளிச்சத்தைப் பார்த்தபடி அவளும் அந்த வெடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள்.