சத்தமில்லாத விவாதம்

கொரோனா வார்டு டி.வி.யில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாள் முழுக்க முகக்கவசங்களையே பார்த்துச் சலித்த ரோசிலியால், விவாதத்தில் கத்திக்கொண்டிருந்தவர்களின் திறந்த வாய்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்னக்கா பேசிக்கிறாங்க?" பக்கத்துக் கட்டில் நூர்ஜஹான் மூச்சிரைக்கக் கேட்டாள். திரையில் ஓடும் எழுத்தைப் படிக்க அவளிடம் மூக்குக் கண்ணாடி இல்லை.

"கவர்மெண்டுக்காரன் ஆஸ்பத்திரியில கட்டில் போதும்ங்கறான். எதிர்க்கட்சிக்காரன் போதாதுங்கறான்." ரோசிலி இட்டுக்கட்டினாள்.

"யாருக்கா ஜெயிக்கிறது?"

"இருடி, இன்னும் முடியல."

விளம்பரம் வந்தது. நர்சுகள் ஓடிவந்து நூர்ஜஹானின் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்தார்கள். ரோசிலி கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டியபடி சோப்பு விளம்பரத்தையே பார்த்துக் கிடந்தாள்.

இரவு மறுஒளிபரப்பில் அதே வாய்கள் திரும்பி வந்தபோது திரைச்சீலையை விலக்கி, வெறும் மெத்தையில் பச்சை விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சது கவர்மெண்டுக்காரன்தான்டி," என்றாள் ரோசிலி, அந்த விரிப்பிடம்.