மூன்றாவது பதிவு

“அழிச்சிட்டேன் மேடம்.”

“தெரியாம அழிஞ்சு போச்சுன்னு சொல்லு. நம்பறேன்.”

“இல்ல மேடம். நானேதான் அழிச்சேன். யோசிச்சுத்தான் அழிச்சேன்.”

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மனநல ஆலோசகர்களுக்கான அந்த முதுகலைப் படிப்புக்கு அவர்தான் தலைவர். எதிரில் நின்றவள் இரண்டாம் ஆண்டு மாணவி. முப்பத்தேழு வயது. படிக்க வருமுன் பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். வகுப்பில் எல்லாருக்கும் அவள் ‘கண்டக்டர் அக்கா’தான். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கொடுத்த உடம்பு. யார் முன்னாலும் ஆடாமல் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுப்பவர்கள் பருவத்துக்கு மூன்று உரையாடல்களை, ஆலோசனைக்கு வந்தவரின் சம்மதத்தோடு பதிவுசெய்து கொண்டுவர வேண்டும். பேராசிரியை மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். ‘இங்கே ஏன் அவசரப்பட்டே? இங்கே ஏன் வாயை மூடலை?’ என்று பிழிந்தெடுப்பார். கண்டக்டருக்கு இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதுக்கு இன்று கடைசி நாள்.

“வந்தவர் சம்மதிக்கலையா?”

“கையெழுத்தே போட்டார்.”

“தப்பா ஏதாவது பேசினாரா?”

“ஐயோ, தங்கமான மனுஷர் மேடம். கதவைத் திறக்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கிட்டு உள்ளே வந்தவர்.”

“அப்போ நீதான் சொதப்பியிருக்கே.”

“இதுவரைக்கும் நான் பேசினதிலேயே அதுதான் நல்லா வந்தது மேடம்.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது. பேராசிரியைக்குச் சுருக்கென்றது.

“இருபது நிமிஷத்துல நிறுத்திட்டேன். அவரை அங்கே இருக்கிற பெரிய டாக்டர்கிட்ட ஒப்படைச்சேன். காரணத்தைச் சொன்னேன். ‘நீ செஞ்சது சரி, பதிவை அழிச்சிடு’ன்னு டாக்டரே சொன்னார். லெட்டரும் கொடுத்திருக்கார்.”

அவள் நீட்டிய கடிதத்தைப் பேராசிரியை தொடவில்லை. “அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் தலைவர். உன் மார்க் என் கையில இருக்கு. காரணத்தை அவர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட?”

“உங்ககிட்ட சொல்ல மாட்டேன் மேடம்.”

“மேற்பார்வை பார்க்கிறவங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னு முதல் வகுப்புலயே சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. எந்தச் சந்தேகம் வந்தாலும் வந்தவர் பக்கம் நில்லுன்னும் அதே வகுப்புலதான் சொன்னீங்க.”

“எனக்கே பாடமா?” பேராசிரியை சிரித்தார். “இருபத்தாறு வருஷமா முகத்தைப் பார்த்தே ஆளைப் படிக்கிறவ நான். அவர் சொன்னது ஏதோ உன் சொந்த வாழ்க்கையைச் சுட்டிருக்கு. பயந்துபோய் எழுந்து ஓடிட்டே. இதை ஒத்துக்க என்ன வெட்கம்?”

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பேராசிரியை அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார்.

“காரணத்தைச் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இந்தப் பருவம் முழுக்க மறுபடி. ஆறு மாசம். ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு, இருந்த வேலையையும் விட்டுட்டு வந்திருக்கே. நல்லா யோசி.”

“யோசிச்சிட்டேன். ஆறு மாசம்தானே? படிச்சுக்கறேன் மேடம்.”

மேசைமேல் இருந்த பயிற்சிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, ‘மறுபயிற்சி’ என்ற கட்டத்துக்குக் கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். “வரேன் மேடம்” என்று கிளம்பினாள். படிக்கட்டில் காத்திருந்த தோழிகளிடம், “இன்னொரு ட்ரிப் அடிக்கணும்டி” என்று அவள் சொல்லிச் சிரித்தது அறைவரைக்கும் கேட்டது.

“என்ன திமிர்!” என்று முணுமுணுத்துக்கொண்டே பேராசிரியை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தார். கூடத்தில் டிவி ஓடவில்லை. கணவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் உட்காரேன். ஒண்ணு சொல்லணும்.”

“அப்புறம் சொல்லுங்களேன். இன்னிக்கு ஒரு பிடிவாதக்காரிகிட்ட மாரடிச்சுத் தலையே வெடிக்குது.”

“இப்போ விட்டா என்னால சொல்லவே முடியாது.” அவர் விரல்களைக் கோத்துக்கொண்டார். “ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து எனக்கு எதுவுமே பிடிக்கல. காலையில நீ கிளம்பினதும் மறுபடி போய்ப் படுத்துக்கறேன். நீ வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுந்து முகம் கழுவிட்டு, டிவியைப் போட்டு உட்கார்ந்துக்கறேன்.”

பேராசிரியை கைப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

“உன் காதுக்கு வரக் கூடாதுன்னு ரெண்டு பஸ் மாறி, ஊர்க்கோடியில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சுவாக்குல உன் பேரைச் சொல்லிட்டேன். உடனே என்கிட்ட பேசிக்கிட்டிருந்த பொண்ணு ரெக்கார்டரை நிறுத்திட்டு, ‘சார், இதை உங்க வீட்டம்மா கேட்கறதா இருந்தா உங்க வாயாலதான் கேட்கணும்’னு சொல்லிச்சு. அதான் சொல்றேன்.”