இடது பக்கத்து ஜன்னல்

மெக்கானிக் முத்துராஜ் காரின் இடது பக்கக் கதவிலிருந்து சுவிட்சைத் திருப்புளியால் நெம்பி எடுத்தான். டெஸ்ட் லேம்ப்பின் முனையை ஒயரில் வைத்தான். விளக்கு எரியவில்லை.

"சுவிட்சுல ஒரு கோளாறும் இல்லண்ணே. இதுக்குக் கரண்டே வரலை."

சேனாதிபதி குனிந்து பார்த்தார். கண்ணாடியை இறக்கும் அந்தச் சிறிய கறுப்புச் சுவிட்சில், வெள்ளை அம்புக்குறி இருந்த இடம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. இறங்காத ஜன்னலுக்காக அதை அத்தனை முறை அமுக்கியவள் அவருடைய மனைவி ஜோதிமணி.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்த அந்தப் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில், சால்வையைப் போர்த்தியபடி அவள் கண்மூடி அமர்ந்திருந்தாள். நாளை மறுநாள் மதுரையில் அவளுக்கு இருதய அறுவை சிகிச்சை. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் வருவதற்குள்ளேயே, பூம்பாறைக்கு முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்துவிட்டாள். இன்னும் மலை முழுவதும் இறங்க வேண்டும்.

வளைவுகளில் முகத்தில் காற்றுப் படாவிட்டால் அவளுக்குக் குடலைப் புரட்டும். அதனால்தான் பதின்மூன்று வருடங்களாக எங்கே போவதென்றாலும் பஸ்ஸில் போனாள்.

ஊரே நின்று பார்க்கும் பழைய வெளிநாட்டுக் கார் சேனாதிபதியுடையது. பங்களாக்காரர் ஒருவர் மலையை விட்டுப் போகும்போது அவரிடம் ஆசையாக வாங்கியது. மனைவி பஸ்ஸில் முன்னால் போக, அவர் அந்தக் காரில் பின்னால் போவார். "எங்க வீட்டு மகாராணிக்குக் காரு ஆகாது" என்று உறவுக்காரர்கள் நடுவில் எத்தனையோ முறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை பஸ் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான்: மலை இறங்குவதற்குள் அந்த ஜன்னல் திறக்க வேண்டும்.

முத்துராஜ் ஒயரின் வழியே தேடிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்தான். அங்கே சுவிட்சுகளுக்குக் கீழே தனியாக ஒரு பட்டன் அமுங்கிக் கிடந்தது. விரலால் தட்டினான். டிக்கென்று மேலே வந்தது. இப்போது இடது பக்கத்து ஒயரில் விளக்கு எரிந்தது.

"இது லாக் பட்டன்ணே. இதை அமுக்கிட்டா ஓட்டுறவர் கண்ணாடி தவிர எதுவும் அசையாது. வீட்டை நீங்களே பூட்டிட்டு, கதவு தொறக்க மாட்டேங்குதுன்னு ஆசாரியைக் கூப்புட்டிருக்கீங்க."

சேனாதிபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

கார் வாங்கிய வாரம். ஐந்து வயது மகள் ரோகிணி கொண்டை ஊசி வளைவில் தலையை வெளியே நீட்டினாள். பயந்துபோய் அந்தப் பட்டனை அமுக்கியது அவர் விரல்தான்.

அதோடு மறந்துபோனார். மகள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி மதுரைக்குப் போனாள். பட்டன் அமுங்கியபடியே இருந்தது. ஜன்னல் இறங்கவில்லை என்று ஜோதிமணி சொன்னபோதெல்லாம், "சுவிட்சு போச்சு, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்" என்றார். அதை அவரே நம்பியும் இருந்தார்.

இப்போது நாலு எட்டு நடந்துபோய்ச் சொல்லிவிடலாம். மறந்துட்டேன் என்ற ஒரே சொல் போதும்.

கதைகளில் வரும் நரிகூடப் பொய் சொல்லுமுன் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு நொடி யோசிக்கும். சேனாதிபதிக்கு அந்த நொடி தேவைப்படவில்லை.

"ஏலே முத்துராஜு, கருகுன சுவிட்சு ஏதாச்சும் கெடக்கா?"

முத்துராஜ் அவரைப் பார்த்தான், டீக்கடையைப் பார்த்தான். கழற்றிய சுவிட்சைக் கதவிலேயே மறுபடி பொருத்தினான். பிறகு பழைய சாமான் டப்பாவைக் கிளறி, கருகியது ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

ஜோதிமணி வந்து காரில் ஏறினாள். கதவில் தேய்ந்திருந்த அந்த இடத்தில் விரலை வைத்தாள். கண்ணாடி முனகிக்கொண்டே இறங்கியது. பனியோடு காற்று உள்ளே வந்தது. அவள் அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.

"இந்தா, இத்தனை நாளாச் சதி பண்ணுனது இதுதான்" என்று கருகிய சுவிட்சை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். அதன்மேல் வெள்ளை அம்புக்குறி, ஒரு விரலும் தேய்க்காமல், பளிச்சென்று இருந்தது.

அவள் கோபப்படவில்லை. அதை அவர் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

"பட்டனை எடுத்துவிட்டுட்டீங்கல்ல, அது போதும்ங்க. அப்பா அமுக்கி வச்சிருக்காருன்னு ரோகிணி எட்டாவது படிக்கையிலேயே எங்கிட்டச் சொல்லிட்டா. நீங்களா எடுத்துவிடுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ரோகிணி எட்டாவது படித்த வருடத்தில்தான் அவள் பஸ்ஸில் போகத் தொடங்கினாள்.

மறந்துட்டேன் என்பது உண்மை. அதைச் சொல்ல இப்போதும் அவருக்கு வாய் இருந்தது.

கையில், இனி அதை யாரும் நம்பவிடாமல், அந்தச் சுவிட்சும் இருந்தது.