பிரிக்காத பெட்டி

"ரிசல்ட் வந்து மூணு வாரம் ஆச்சு. ஒரு சாக்லேட் பெட்டி வாங்க மனசு வரலையே இந்த மனுஷனுக்கு?"

எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் தோப்ரி சொன்னார். டான்யூப் நதிக்கரை ரூசே நகரத்துக் கப்பல் பட்டறையில் அது சாப்பாட்டு நேரம். மேஜையின் மறுகோடியில் மனோல் பீன்ஸ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அந்தப் பட்டறையில் யாருக்கு நல்லது நடந்தாலும் ஒரு பெட்டி சாக்லேட்டோடு ஆள் ஆளாகப் போய் நீட்ட வேண்டும். பிள்ளை பிறந்தாலும் சரி, பழைய கார் ஒன்று வாங்கினாலும் சரி. "என்ன விசேஷம்?" என்று கேட்டு, வாழ்த்திவிட்டுத்தான் எடுப்பார்கள். கொடுக்காதவனை ஓய்வு பெறும்வரை விடமாட்டார்கள்.

மனோல் வெல்டர் சான்றிதழ்ப் பரீட்சையில் தேறியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில்.

"அவர் வீட்டு எலியே பக்கத்து வீட்டுக்குத்தான் சாப்பிடப் போகுதாம்" என்றார் தோப்ரி.

சிரித்தார்கள். மில்கா சிரிக்கவில்லை.

அவளும் அதே நாளில் அதே பரீட்சை எழுதியவள். எழுத்துப் பரீட்சை அல்ல, கைப் பரீட்சை. வெல்டிங் வைத்த தகட்டை இயந்திரத்தில் கொடுத்து வளைப்பார்கள்; பிளந்தால் தோல்வி. மனோலின் தகடு கம்பளி மாதிரி மடங்கியது. அவளுடையது, நடுவில் வெல்டிங் ராடு தீர்ந்து வேறு மாற்றிய இடத்தில், ரொட்டி பிய்கிற மாதிரி பிளந்தது. அன்றைக்கே அதை எடுத்துப் போய் டான்யூப் நதியில் எறிந்துவிட்டாள்.

இனி சான்றிதழ் இல்லாமல் யாரும் கப்பலைத் தொடக்கூடாது என்று உத்தரவு. ஒன்பது வருடம் வெல்டிங் வைத்த மில்கா, புது வருடத்திலிருந்து துரு சுரண்டும் கூட்டத்தில். அதுவரை எடுபிடி வேலை. வீட்டில் மகளிடம் இன்னும் "ரிசல்ட் வரலைடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் மறுபரீட்சை உண்டு. விருப்பம் உள்ளவர்கள் பெயர் எழுத பட்டறை நடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இன்று மாலை அதை எடுத்துவிடுவார்கள். மில்கா எழுதவில்லை. இன்னொரு தகடு பிளப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"நீ சொல்லேன் மில்கா. நியாயமா இது?" தோப்ரி அவளைக் கிளறினார்.

"எனக்கென்ன தெரியும் அண்ணே. கொடுக்க மனசில்லாதவங்களுக்குத்தான் எல்லாம் கிடைக்குது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உரக்க வந்துவிட்டது என்று தெரிந்தது. மனோல் மிச்ச ரொட்டியைத் துணியில் மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

இரண்டு மணிக்குக் கப்பலின் அடிவயிற்றிலிருந்து அவர் குரல் வந்தது.

"மில்கா, என் முகமூடிக் கண்ணாடியில பொறி தெறிச்சுக் கண்ணே தெரியல. என் அலமாரியில புதுசு இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?"

சாவியை நீட்டினார். சாப்பாட்டு மேஜைப் பேச்சு நடக்காதது போலவே இருந்தது அவர் முகம். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நடையில் அந்தத் தாளைப் பார்க்காமல் கடந்தாள். அலமாரியைத் திறந்தாள். ஒரு மாற்றுச் சட்டை, கையுறை, கண்ணாடி. எல்லாவற்றுக்கும் பின்னால், சிவப்புக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிய பெரிய சாக்லேட் பெட்டி.

வாங்கியும் ஒளித்து வைத்திருக்கிறாரா? கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு இல்லையா?

ரிப்பனில் ஒரு சீட்டு செருகியிருந்தது. மனோலின் கோணல் எழுத்து.

"மில்காவும் மனோலும். சான்றிதழ் வாங்கியதற்காக."

அவள் பெயர்தான் முதலில்.

மில்கா கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். பாவம் மனுஷன். இரண்டு பேரும் தேறிவிடுவோம் என்று நம்பி முன்கூட்டியே வாங்கியிருக்கிறார். நான் தோற்றதால் அவருக்கு அதைப் பிரிக்கவும் வழியில்லை.

கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை முகமூடியில் பொருத்தும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணே, அந்தப் பெட்டியைப் பார்த்துட்டேன்."

மனோலின் கை நின்றது.

"என் பேரைக் கிழிச்சுப் போட்டுட்டு எல்லாருக்கும் கொடுத்திருக்கலாமே. மூணு வாரமா இந்தப் பேச்சு கேக்கணுமா? பரீட்சைக்கு முந்தியே எதுக்கு அவசரப்பட்டு வாங்கினீங்க?"

"முந்தி எங்க வாங்கினேன்?" அவர் முகமூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உன் தகடு பிளந்த அன்னிக்குச் சாயங்காலம் வாங்கினதும்மா அது. பிப்ரவரி தாண்டியும் கெடாதான்னு கடையில ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் வாங்கினேன்."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு மில்கா நடையில் ஒட்டியிருந்த தாளை நோக்கி நடந்தாள்.