கண்ணாடி கழற்றினால் அம்மா

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இனி அவர் தேர்வாளர் இல்லை, குழந்தையின் அம்மா. பன்னிரண்டு நிமிடத்துக்கு இந்த நாடகம். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டால் நாடகம் முடிந்தது, மதிப்பெண்தான் பேசும்.

எதிரே தேர்வு எழுத உட்கார்ந்திருந்தாள் லாண்டரி அக்கா.

அந்தப் பெயர் வகுப்பில் வைத்தது. காலையில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, மத்தியானம் சமூகப்பணிப் படிப்பு. கூடப் படிக்கிறவர்களைவிடப் பத்து வயது மூத்தவள். சலவைச் சோடா தின்ற விரல்களை நோட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். இடது கால் தானாகப் போய் நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டது. பயம் வந்தால் அந்தக் கால் அப்படித்தான்.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை, எதிரே நடித்து அழுதவரைப் பார்த்து இவளும் சேர்ந்து அழுது தொலைத்தாள். இரண்டாவது தடவை சொந்தக் கதையை எடுத்துவிட்டாள். உதவி கேட்டு வந்தவரிடம் உங்கள் கதை எதற்கு என்று சிவப்பு மையில் எழுதிப் பூஜ்யம் போட்டார்கள்.

இதிலும் போனால் படிப்பே போச்சு. பிள்ளைகள் காப்பகத்தில் ஒரு வேலையை இந்த மாதக் கடைசிவரை அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவர் ரத்தக் கறையைத் துவைக்க வேண்டியதுதான்.

தேர்வுக்குக் கல்லூரியில் வழக்கைக் கற்பனை செய்வதில்லை. இருபது, முப்பது வருடப் பழைய கோப்பு ஒன்றை எடுப்பார்கள். பேர், ஊர், தேதி எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்து, நகலெடுத்துக் கவிழ்த்துத் தருவார்கள். அதற்கு முன் ஒரு படிவம். இந்த வழக்கில் வருகிற யாரையும் எனக்குத் தெரியாது. தெரிந்தும் மறைத்தால் தேர்வு செல்லாது.

இன்னும் பார்க்காத தாளில் யாரைத் தெரியும்? எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். அவளும் போட்டாள்.

அப்புறம்தான் தாளைத் திருப்பினாள். படித்து முடித்ததை மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள்.

கட்டட வேலையில் செங்கல் சுமக்கிற ஒருத்தி. புருஷன் இல்லை. வேலையிடத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருப்பு. நான்கு வயது மகளைக் கட்டில் காலோடு துணியால் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். பக்கத்துக் கொட்டகைக்காரர் புகார் கொடுத்திருக்கிறார்.

பிள்ளையை அம்மாவிடமே விடுவதா, காப்பகத்துக்கு அனுப்புவதா? அதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதிகாரிகள் எடுத்த முடிவு ஒட்டிய உறைக்குள் தேர்வாளரின் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதோடு ஒத்துப்போனால் பாஸ் என்பது மாணவர்கள் மத்தியில் பேச்சு.

பிள்ளையை ஏன் கட்டிப் போட்டீர்கள் என்று கேட்டாள். அதட்டாமல் கேட்கப் பழகியிருந்தாள்.

தேர்வாளர் கெட்டிக்காரி, நன்றாகவே நடித்தார்.

"வந்துட்டா நோட்டத் தூக்கிக்கிட்டு, பெரிய இவளாட்டம். நான் கல்லு சொமந்தாத்தான் சோறு. எம்பிள்ளைய நீ வந்து பாத்துக்கிறியா?"

பாடத்தில் படித்த கேள்விகள் நெஞ்சுக்குள் வரிசை கட்டி நின்றன. சாப்பாடு உண்டா, அடி உண்டா, சொந்தபந்தம் உண்டா. ஒன்றும் வாய்க்கு ஏறி வரவில்லை. சுவர்க் கடிகார முள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் அநியாயமாகப் போயிற்று.

"அந்தத் தண்ணித் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி மேஸ்திரிகிட்ட கேட்டீங்களாம்மா?"

தேர்வாளர் தடுமாறினார். எந்தத் தொட்டி என்றார். கை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டது. தாளை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். தொட்டி என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

தொலைந்தோம் என்று நினைத்தாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

கொட்டகையை விட்டு நாலு எட்டு வைத்தால் தொட்டி, ஆளுயரத் தண்ணீர் என்றாள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கட்டின துணிகூட நாலாக மடித்தது, பிள்ளைக்குக் கால் நோகக்கூடாது என்று. தொட்டிக்கு ஒரு மூடியும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் போதும். பிள்ளை அம்மாவிடமே இருக்கட்டும். இதுதான் என் முடிவு என்றாள்.

தேர்வாளர் உறையை எடுத்தார். அதற்கு அடியில் அவள் கையெழுத்துப் போட்ட படிவம் இருந்தது. உறையின் ஓரத்தில் விரலைக் கொடுத்தார்.

"பிரிக்க வேண்டாம் மேடம். காப்பகம்தான். ரெண்டு வருஷம் நாலு மாசம்."

விரல் அப்படியே நின்றது.

கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. தேர்வாளர் அவளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மேசைக்குக் கீழே, நாற்காலிக் காலோடு பின்னிக் கிடந்த அந்த இடது காலைப் பார்த்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.