கை போன இடம்

"பையைத் திறங்க, அற்புதசாமி" என்றார் தாயுமானவன், நடனம் கற்கும் பெண் ஒருத்தியின் அப்பா.

மிருதங்கக்காரர் அற்புதசாமி பையை இன்னும் நெருக்கமாக மடிக்கு இழுத்துக்கொண்டார். திறக்கவில்லை.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருந்த அந்த நடன வகுப்பில் கொஞ்ச நாளாகவே பொருள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முதலில் ஒரு மோதிரம், பிறகு ஒரு ஜோடிக் கொலுசு. இன்று, மகளைக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வமேரியின் கைப்பையிலிருந்து கடிகாரம். அற்புதசாமி இங்கே வாசிக்க வந்த பிறகுதான் எல்லாமே ஆரம்பித்தது.

"பாத்தீங்களா டீச்சர், திறக்க மாட்டேங்கறார். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் தாயுமானவன்.

"இத்தனை வருஷத்துல என் பையை யாரும் உதறிப் பாத்ததில்ல சார். போலீஸைக் கூப்பிடுங்க. அவங்க முன்னாடி திறக்கறேன்."

தாயுமானவனின் குரல் இறங்கியது. "போலீஸ் எதுக்குங்க? பொம்பளப் பிள்ளைங்க படிக்கிற இடம், பேரு கெட்டுடும். இவரை இன்னியோட அனுப்பிடுங்க, போதும். இல்லேன்னா நாளைக்கு ஹாலுக்குப் பூட்டுதான். அதை வாடகைக்குப் பிடிச்சுக் கொடுத்தவன் நான், ஞாபகம் இருக்கட்டும்."

டீச்சர் சகுந்தலா அற்புதசாமியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எல்லோருக்கும் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுகிற மனிதர். கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரே பதில்.

"புதுப் பாலம் வந்ததுலேருந்து பஸ் சீக்கிரமா கொண்டாந்து விட்டுடுதும்மா."

இன்று அந்தப் பதிலை அவளால் நம்ப முடியவில்லை.

குழந்தைகளுக்காக வைத்த பிஸ்கட் தட்டு பெஞ்சின் ஓரத்தில் இருந்தது. சகுந்தலாவின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே தாயுமானவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "என்ன சொல்றீங்க?"

"பாடம் முடியட்டுங்க. குழந்தைங்க முன்னாடி வேணாம். முடிஞ்சதும் நானே அவரைப் போகச் சொல்லிடறேன்."

அற்புதசாமியின் காதில் அது விழுந்தது. பையை ஓரமாக வைத்துவிட்டு மிருதங்கத்தை எடுத்து மடியில் வைத்தார்.

இன்றைய பாடம், வெண்ணெய் திருடும் கண்ணன். யசோதை எதிரே நிற்கும்போதே கண்ணன் பானைக்குள் கை விட வேண்டும்.

"பானை கிடையாது. ஆனா பாக்கறவங்களுக்குப் பானை தெரியணும். பயமா இருக்குன்னு வாயால சொல்லக் கூடாது, பயம் தெரியணும்" என்றாள் சகுந்தலா. "கை போற இடத்துக்குக் கண்ணும் போகணும். மறக்காதீங்க."

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, பானைக்குள் கை, விரலை ஒரு நக்கு. செல்வமேரியின் மகள் கண்ணை உருட்டிய உருட்டலில் சகுந்தலாவே சிரித்துவிட்டாள்.

"ஏண்டி, வெண்ணெய் எடுக்க வந்தியா, பேயைப் பாத்துட்டு வந்தியா?"

கடைசியாகத் தாயுமானவனின் மகள் குழலி வந்தாள். பெஞ்சில் இருந்த அவள் அப்பா பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குழலி எதிரே இல்லாத யசோதையைப் பார்த்துச் சிரித்தாள். தலையாட்டி, என்னவோ கதை கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகம் அசையவே இல்லை. வலது கை மட்டும் பக்கவாட்டில் நழுவி, பானைக்குள் இறங்கி, மெல்ல மடிக்குத் திரும்பியது.

மிருதங்கம் நின்றது.

"தப்பு குழலி" என்றாள் சகுந்தலா. "கண்ணு எங்கே போச்சு? அடுத்தவங்க பொருளை எடுக்கறப்போ சுத்திமுத்தியும் பாக்க வேணாமா?"

குழலி குழப்பத்தோடு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா பாக்க மாட்டாங்களே, டீச்சர்."